போனை திறந்தா பட்டன் இடம் மாறியிருக்கா? செயலியின் 'டேப்'களை உங்கள் வசதிக்கு மாற்றுவது எப்படி? - முழு விவரம்

காலை நேரத்து அரக்கோணம் - சென்னை லோக்கல் ரயில். மணவூர் ஸ்டேஷனில் ஏறும்போதே உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு கை மேலே உள்ள பிடியில், தோளில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் போன். வீட்டில் இருந்து அழைப்பு வருகிறது. எடுப்பதற்குள் கட் ஆகிவிடுகிறது. திரும்ப கூப்பிடலாம் என்று போன் செயலியை திறந்தால், நேற்று வரை 'ரீசன்ட்ஸ்' இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. கான்டாக்ட்ஸ் பட்டனையே காணோம்!

2025 ஆகஸ்ட் மாதம் இந்தியாவில் ஏராளமான ஆண்ட்ராய்டு பயனர்களுக்கு இதுதான் நடந்தது. "நான் எதையும் தொடவே இல்லையே, போன் ஹேக் ஆகிடுச்சா?" என்று பதறியவர்கள் பலர். ஹேக் எல்லாம் இல்லை. கூகுள் தன்னுடைய போன் செயலியின் தோற்றத்தை மாற்றியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்', பட்டனை இடம் வைத்து நினைவில் வைத்திருக்கும் வயதானவர்களுக்கு அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை.

செயலிகளில் இந்த டேப்கள் ஏன் இப்படி மாறுகின்றன, எதை நாம் மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்ற முடியாது, மாற்றப் போய் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

டேப் என்றால் என்ன?

டேப் என்றதும் பெரிய சைஸ் டேப்லெட்டை நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பை திறந்தால் கீழே சாட், அப்டேட்ஸ், கம்யூனிட்டீஸ், கால்ஸ் என்று வரிசையாக ஐகான்கள் இருக்கின்றன அல்லவா? அதில் ஒவ்வொன்றும் ஒரு டேப். செயலிக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும் கதவு மாதிரி. இந்த வரிசையைத்தான் நேவிகேஷன் பார், டேப் பார் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

போனின் அடியில் பேக், ஹோம், ரீசன்ட்ஸ் என்று மூன்று பட்டன்கள் இருக்குமே, அது வேறு. அது போனுடையது, செயலியுடையது அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காரணம், இரண்டுமே கீழேதான் இருக்கின்றன. அதை மாற்றும் வழியையும் பின்னால் சொல்கிறோம்.

எல்லாம் ஏன் கீழே வருகிறது?

முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு செயலிகளில் டேப்கள் மேலேதான் இருக்கும். ஐபோனில் ஆரம்பத்தில் இருந்தே கீழே. கூகுள் தன்னுடைய மெட்டீரியல் டிசைன் விதிமுறைகளில் கீழ்ப்பக்க நேவிகேஷனை சேர்த்தது 2016-ல்தான். வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டில் டேப்களை கீழே இறக்கியது 2024 மார்ச்சில். இந்த இடமாற்றத்துக்குக் காரணம் நம் கட்டை விரல்.

ஸ்டீவன் ஹூபர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தெருவில், பேருந்தில், ரயிலில் என்று பொது இடங்களில் போன் பயன்படுத்தும் 1,333 பேரை கவனித்துப் பார்த்ததில், திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையால்தான் போனை இயக்கினார்கள். அன்றைய போன்கள் இன்றைய போன்களைவிட சின்னவை. இன்றைய ஆறரை இன்ச் திரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேல் மூலையை கட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், தெரியும். லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு முயற்சி செய்தால் போன் தண்டவாளத்துக்கே போய்விடும்!

அதேபோல டேப்களின் எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. கூகுள் விதிமுறை, கீழ்ப்பக்க டேப்கள் மூன்று முதல் ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஐபோனில் ஐந்துக்கு மேல் போனால் மீதி எல்லாம் 'மோர்' என்ற டேபுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடும் இடத்தின் அளவு ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதைவிட சின்னதாக இருந்தால் விரல் பக்கத்து பட்டனில் பட்டுவிடும். சாட்டை தொடப் போய் வீடியோ கால் போய்விட்டது என்று புலம்புகிறவர்களின் பிரச்சனை இதுதான்.

போன் செயலி மாறிவிட்டதா? என்ன செய்யலாம்?

ஆகஸ்ட் 2025 மாற்றத்தில் நடந்தது இதுதான். முன்பு தனித்தனியாக இருந்த ஃபேவரைட்ஸ், ரீசன்ட்ஸ் இரண்டும் 'ஹோம்' என்ற ஒரே டேபுக்குள் சேர்ந்துவிட்டன. மிதக்கும் பட்டனாக இருந்த டயல் பேட், 'கீபேட்' என்று தனி டேப் ஆனது. கான்டாக்ட்ஸ் கீழ் வரிசையில் இருந்தே நீக்கப்பட்டு, மேலே தேடல் பட்டியில் உள்ள மெனுவுக்குள் போய்விட்டது. இவை எல்லாவற்றையும் விட மக்களை அதிகம் குழப்பியது, அழைப்பு வரும்போது எடுக்கும் முறை மாறியதுதான். மேலே தள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு திடீரென பக்கவாட்டில் தள்ளும்படி வந்தது. பழக்கத்தில் மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் போன் அடித்து ஓய்ந்துவிடும்.

இதில் நாம் மாற்றக்கூடியது உண்டு. போன் செயலியை திறந்து செட்டிங்ஸ் போனால் 'இன்கமிங் கால் ஜெஸ்ச்சர்' என்று இருக்கும். அதில் பக்கவாட்டில் தள்ளுவதா, அல்லது ஒரே தொடுதலில் எடுப்பதா என்று தேர்வு செய்யலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரே தொடுதலை வைத்துக் கொடுங்கள். தனித்தனியாக இரண்டு பட்டன்கள் தெரியும், பச்சையா சிவப்பா என்று பார்த்து தொட்டால் போதும். பாக்கெட்டில் தெரியாமல் பட்டு அழைப்பு எடுபடும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதையும் சொல்லிவிடுங்கள்.

டேப்களின் வரிசையை மாற்ற மட்டும் இந்த செயலியில் வழி இல்லை. பழைய தோற்றமே வேண்டும் என்றால் போன் ஐகானை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ' போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுக்க வேண்டும். பிறகு பிளே ஸ்டோரில் அந்த செயலியின் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஆட்டோ அப்டேட்' டிக்கை எடுத்துவிட வேண்டும். ஆனால் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அப்டேட்டில் வருவது அழகு மட்டும் இல்லை, பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வரும். பழைய ஆப் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? இரண்டு நாள் பழகினால் கை தானாகப் போகும். சாம்சங் போன்களில் அந்த நிறுவனத்தின் சொந்த போன் செயலி இருப்பதால், அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி வரவில்லை.

எந்தெந்த செயலிகளில் டேப்பை மாற்றலாம்?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான செயலிகள் இந்த உரிமையை நமக்குத் தருவதில்லை. தங்களுக்கு எது லாபமோ அந்த டேப்பை நடுவில் வைப்பார்கள். இன்ஸ்டாகிராம் 2020 நவம்பரில் ரீல்ஸுக்கும் ஷாப்புக்கும் தனி டேப் கொடுத்தபோது, நோட்டிஃபிகேஷன் இதயத்தை மேலே தள்ளிவிட்டது. வேண்டாம் என்று நாம் சொல்ல அங்கே பட்டன் இல்லை. விதிவிலக்காக சில செயலிகள் இருக்கின்றன.

அதில் முதலில் சொல்ல வேண்டியது ஃபேஸ்புக். இதன் டேப் வரிசையை 2020-ல் இருந்தே நாம் மாற்றிக்கொள்ளலாம். மெனுவில் 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', அதற்குள் 'செட்டிங்ஸ்', அங்கே 'டேப் பார்' என்று இருக்கும். அதில் மார்க்கெட்பிளேஸ், வீடியோ, ஃபிரெண்ட்ஸ், குரூப்ஸ் என ஒவ்வொன்றுக்கும் மூன்று தேர்வுகள்: எப்போதும் இருக்கட்டும், வேண்டவே வேண்டாம், ஃபேஸ்புக்கே முடிவு செய்யட்டும். மூன்றாவதுதான் இயல்பாக இருக்கும். உங்கள் டேப்கள் அடிக்கடி தானாக மாறுகின்றன என்றால் காரணம் அதுதான். அதே பக்கத்தில் டேப் மேல் வரும் சிவப்புப் புள்ளிகளையும் நிறுத்தலாம். எதுவும் இல்லாத புள்ளியைப் பார்த்து திறந்து அரை மணி நேரம் வீடியோ பார்த்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை!

ஜிமெயிலில் கீழே 'மீட்' என்று வீடியோ கால் டேப் ஒன்று வந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டு, கீழே தள்ளிப் போனால் மீட் டேப்பை காட்ட வேண்டுமா என்ற டிக் இருக்கும். எடுத்துவிடலாம். சாட் டேப்புக்கும் இதே வழிதான். இரண்டையும் எடுத்துவிட்டால் கீழ் வரிசையே காணாமல் போய், மெயில் படிக்க முழுத் திரையும் கிடைக்கும்.

டெலிகிராம் இதில் ஒருபடி மேல். 2020 மார்ச்சில் இருந்து சாட்களை ஃபோல்டர்களாகப் பிரிக்கலாம். 'வேலை', 'குடும்பம்', 'டியூஷன்' என்று நீங்களே தமிழில் பெயர் வைத்தால், அதுவே மேலே டேப்களாக வந்து நிற்கும். டேப்பை அழுத்திப் பிடித்தால் வரிசையும் மாற்றலாம். வாட்ஸ்அப்பில் கீழ் டேப்களைத் தொட முடியாது. ஆனால் 2024 அக்டோபர் கடைசியில் வந்த 'லிஸ்ட்' வசதியில், சாட் பக்கத்தின் மேலே 'ஆல்', 'அன்ரீட்' பக்கத்தில் நாமே ஒரு பட்டியலைச் சேர்க்கலாம். பக்கத்தில் உள்ள பிளஸ் குறியைத் தொட்டால் போதும். ஐம்பது குரூப்புகளில் அம்மாவின் மெசேஜைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

குரோம் பிரவுசரில் மேலே உள்ள அட்ரஸ் பட்டியை கீழே கொண்டு வரலாம். ஐபோனில் 2023-லும், ஆண்ட்ராய்டில் 2025-லும் இந்த வசதி வந்தது. பட்டியை அழுத்திப் பிடித்தாலே கேட்கும்.

சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், டேப்களை நாமே அடுக்கிக்கொள்வது புது யோசனையே இல்லை. 2007-ல் வந்த முதல் ஐபோனின் பாட்டுச் செயலியிலேயே 'மோர்' போய் 'எடிட்' தொட்டால், ஐகான்களை இழுத்து கீழ் வரிசையில் போட்டுக்கொள்ளலாம். இத்தனை வருடம் கழித்து நாம் அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரயில் டிக்கெட் செயலி: ஒரு எச்சரிக்கை

மணவூர், திருவாலங்காடு, கடம்பத்தூர் பக்கம் இருந்து தினமும் சென்னைக்குப் போய் வருபவர்கள் பலர் யுடிஎஸ் செயலிக்குப் பழகியவர்கள். ரயில்வே 2025 ஜூலை 1-ம் தேதி 'ரயில்ஒன்' என்ற ஒருங்கிணைந்த செயலியை அறிமுகப்படுத்தியது. முன்பதிவு, முன்பதிவில்லாத டிக்கெட், பிளாட்ஃபார்ம் டிக்கெட், ரயில் எங்கே வருகிறது என்ற விவரம் எல்லாம் ஒரே இடத்தில். வசதிதான். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் டேப்களும் மெனுக்களும் புதிதாக இருக்கும்.

டிக்கெட் பரிசோதகர் எதிரில் நிற்கும்போது 'என் டிக்கெட் எந்த டேப்பில் இருக்கு' என்று தேடினால் கை நடுங்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் செல்லாது. பேப்பர் இல்லாத டிக்கெட்டை செயலிக்குள்ளேயே திறந்து காட்ட வேண்டும். அதனால் புதுச் செயலிக்கு மாறியவுடன், வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை டிக்கெட் எங்கே தெரியும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செயலி ஐகானை ஹோம் ஸ்கிரீனின் கீழ் வரிசையில் வையுங்கள். அந்த வரிசையாவது நம் கையில் இருக்கிறது.

'கலர் கலரா மாத்தலாம்' - நம்பாதீங்க!

டேப்பின் நிறத்தை மாற்றுவது எப்படி என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது 'ஜிபி வாட்ஸ்அப்' மாதிரியான மாற்றியமைக்கப்பட்ட செயலிகள்தான். டேப்பை மேலே கொண்டு போகலாம், ஊதா நிறம் ஆக்கலாம், ஐகானை மாற்றலாம் என்று வீடியோக்கள் வரிசை கட்டும். இவை பிளே ஸ்டோரில் கிடைக்காது. எங்கிருந்தோ ஏபிகே ஃபைலை இறக்கச் சொல்வார்கள்.

இங்கேதான் ஆபத்து. அதிகாரப்பூர்வமற்ற செயலியைப் பயன்படுத்தினால் கணக்கை முடக்குவோம் என்று வாட்ஸ்அப் தன் விதிமுறையிலேயே சொல்லியிருக்கிறது. முதலில் தற்காலிகத் தடை, தொடர்ந்தால் நிரந்தரமாகவே நம்பர் போய்விடலாம். அதைவிடப் பெரிய பிரச்சனை, உங்கள் மெசேஜ்களும் படங்களும் யாரோ எழுதிய குறியீட்டின் வழியாகப் போகின்றன. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொரு வகை, தீம் செயலிகள். நிறுவியதும் 'அக்ஸசிபிலிட்டி' அனுமதி கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ உருவாக்கப்பட்ட அனுமதி அது. அதைக் கொடுத்துவிட்டால், உங்கள் திரையில் தெரியும் எதையும் அந்த செயலி படிக்க முடியும், ஓடிபி உட்பட. உங்களுக்குப் பதில் பட்டனை அழுத்தவும் முடியும். ஐகான் நிறம் மாற்ற இந்த அனுமதி எதற்கு? கேட்டால் உடனே அழித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

போனின் கீழ்ப் பட்டன்களை மாற்ற...

பேக் பட்டன் வலது பக்கம் இருக்கிறது, எனக்கு இடது பக்கம்தான் பழக்கம் என்பவர்களுக்கு: சாம்சங்கில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, நேவிகேஷன் பார் போனால் பட்டன்களின் வரிசையை மாற்றலாம். மற்ற போன்களில் இடம் வேறுபடும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் நேவிகேஷன் என்று தேடினால் நேராக அழைத்துப் போகும். பட்டன்களே இல்லாமல் விரலால் தள்ளும் முறை, இன்று இருக்கும் வடிவத்தில், 2019-ல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்தது. புதுப் போன் வாங்கி 'பேக் பட்டனே இல்ல' என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்களும் இதே இடத்தில் மூன்று பட்டன் முறையை தேர்வு செய்யலாம்.

ஆப் உருவாக்கும் மாணவர்களுக்கு

கல்லூரி புராஜெக்டுக்கு செயலி செய்யும் தம்பி, தங்கைகள் நம் பக்கமும் நிறைய. உங்களுக்கு ஒரு சில விஷயங்கள். ஃப்ளட்டரில் மூன்று டேப் வரை ஒழுங்காக இருக்கும், நான்காவதைச் சேர்த்ததும் ஐகான்கள் வெளிறி, பெயர்கள் மறைந்துவிடும். குறியீட்டில் பிழை இல்லை. நான்கு அல்லது அதற்கு மேல் போனால் அது தானாகவே 'ஷிஃப்டிங்' முறைக்கு மாறும். வகையை 'ஃபிக்ஸட்' என்று நீங்களே குறிப்பிட்டால் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டின் மெட்டீரியல் நூலகத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. பெயர் காட்டும் முறை 'ஆட்டோ'வில் இருந்தால், நான்கு டேப் ஆனதும் தேர்வு செய்த டேப்புக்கு மட்டும்தான் பெயர் தெரியும். பெயர் இல்லாத ஐகான் உங்களுக்குப் புரியும், உங்கள் பாட்டிக்குப் புரியாது.

தேர்வான டேப்பை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். தேர்வானதற்கு நிரப்பிய ஐகான், மற்றதற்கு வெறும் கோட்டு ஐகான் என்று வையுங்கள். பின்னணிக்கும் ஐகானுக்கும் குறைந்தது 3:1, சிறிய எழுத்துக்கு 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் விதிமுறை. வெள்ளையில் வெளிர் சாம்பல் பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் பிளாட்ஃபார்ம் வெயிலில் ஒன்றும் தெரியாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. 360 டிபி அகலத் திரையில் ஐந்து டேப் வைத்தால் ஒன்றுக்கு 72 டிபிதான். அதில் 'புதுப்பிப்புகள்' என்ற சொல் எங்கே அடங்கும்? பாதியில் புள்ளி புள்ளியாக நிற்கும். தமிழ் படித்த பழக்கத்தில் ஒரு யோசனை: 'கள்' வேண்டியதே இல்லை. அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் பொதுவாக வரலாம், பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். 'அழைப்புகள்' வேண்டாம், 'அழைப்பு' போதும். 'அமைப்புகள்' என்பதற்கு 'அமைப்பு'. 'புதுப்பிப்புகள்' என்பதற்கு 'புதியவை'. இலக்கணமும் கெடவில்லை, இடமும் மிச்சம். மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் வெட்டுப்படாமல் இருக்க உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

பேரனுக்கு தமிழ், பாட்டிக்கு தெலுங்கு

திருத்தணி, மணவூர் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடுகள் உண்டு. வீட்டுக்கு ஒரே போன், பாட்டிக்கு தெலுங்குதான் படிக்கத் தெரியும் என்றால் போன் முழுவதையும் தெலுங்குக்கு மாற்ற வேண்டியதில்லை. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-ல் இருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், லாங்குவேஜஸ், ஆப் லாங்குவேஜஸ் என்று போனால் இந்த வசதியை ஆதரிக்கும் செயலிகளின் பட்டியல் வரும். வேண்டிய செயலிக்கு மட்டும் தெலுங்கைக் கொடுத்தால், அதன் டேப் பெயர்களும் தெலுங்கில் தெரியும். மற்றவை தமிழிலேயே இருக்கும். ஐபோனில் இது 2019 முதல் உண்டு. செட்டிங்ஸில் அந்த செயலியின் பெயரைத் தொட்டால் 'லாங்குவேஜ்' என்று வரும். அந்த வரி வரவில்லை என்றால், செட்டிங்ஸில் 'ஜெனரல்', 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' போய் தெலுங்கை இரண்டாவது மொழியாகச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.